புதுப் பம்ப் ஒழுகுவதேன்? ஒரு சிறு ரப்பரின் பெரிய கதை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் ஒரு புலம்பல் தவறாமல் வரும். "பிரேக் மாஸ்டர் பம்ப் ஒழுகுகிறதென்று புதுப் பம்ப் வாங்கி மாட்டினேன். மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதுவும் ஒழுகுகிறது!" என்பார்கள். பழி உடனே கடைக்காரர் மீது போகும், அல்லது மெக்கானிக் மீது போகும். நானும் அப்படிப் பழி போட்டவன்தான். எனவே என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னிடம் ஒரு பழைய மோரிஸ் மைனர் இருந்தது. ஒருநாள் தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கிக் கொண்டிருந்தேன். 1930-களின் தொடக்கத்தில் போடப்பட்ட அந்தச் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரம் வளைந்து வளைந்து இறங்குவது. ரிங்லெட்டைத் தாண்டி, லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சிக்குச் சற்று மேலே ஒரு வளைவில் பெடலை மிதித்தேன். கால் தரை வரை போயிற்று, வண்டி நிற்கவில்லை. இரண்டாம் கியருக்கு மாற்றி, கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சரிவு ஓரமாக உரசி நிறுத்தினேன். பின் இருக்கையில் பேரப்பிள்ளைகள் இருவர் இருந்தனர். அந்தப் பம்ப் மாட்டி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

குற்றம் யாருடையது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் அந்தப் பம்புக்குள் இருக்கும் ஒரு சிறு ரப்பரின் வரலாற்றைக் கேளுங்கள். அது நம் பேராக் மாநிலத்தின் கதை. நம் பாட்டன் பாட்டிகளின் கதையும்கூட.

பம்புக்குள் என்ன இருக்கிறது?

அடைத்து வைத்த திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டறிந்தார். பிரேக் அந்த விதியில்தான் இயங்குகிறது. நீங்கள் பெடலை மிதிக்கும்போது ஒரு கம்பி பம்புக்குள் உள்ள பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். அந்த அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேரும்.

பிஸ்டன் உலோகம். அதைச் சுற்றியிருக்கும் குழாயும் உலோகம். இரண்டு உலோகத்துக்கும் நடுவே எண்ணெய் கசியாமல் தடுப்பது கிண்ணம் போன்ற ஒரு ரப்பர். பட்டறையில் அதைக் 'கப்' என்பார்கள். பழைய பம்ப்களில் பொதுவாக இரண்டு கப் இருக்கும். முன்னால் இருப்பது அழுத்தத்தைத் தாங்குவது. பின்னால் இருப்பது எண்ணெய் வெளியே வராமல் காப்பது. இரண்டும் ஒரு நாணயத்தின் அகலம்தான். அந்த நாணயத்தளவு ரப்பரில்தான் காரில் உட்கார்ந்திருப்பவர்களின் உயிர் இருக்கிறது.

தோலை விரட்டிய ரப்பர்

இந்த வகை பிரேக்குக்கு 1917-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் மால்கம் லாக்கீட். பின்னாளில் விமானங்களுக்குப் புகழ்பெற்ற அதே லாக்கீட் குடும்பம்தான். 1921-இல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் எண்ணெய் பிரேக்குடன் வெளிவந்தது. ஆனால் ஒரு தொல்லை இருந்தது. லாக்கீட் தம் பம்பில் வைத்திருந்த கிண்ணங்கள் பதப்படுத்தாத தோலால் ஆனவை. அவை ஒழுகின. ஆகவே பம்ப் ஒழுகுவது இன்று நேற்று வந்த நோயன்று. பிரேக்கோடு கூடப் பிறந்தது!

1924-இல் தம் முதல் காரை வெளியிட்ட கிரைஸ்லர் நிறுவனத்தின் பொறியாளர்கள் தோலை எடுத்துவிட்டு ரப்பர் கிண்ணத்தை வைத்தார்கள். ஒழுகல் கட்டுக்குள் வந்தது. எண்ணெய் பிரேக் உலகம் முழுவதும் பரவியது.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது? 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். 1877-இல் அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சிலவற்றைப் பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்தக் காலத்து மரம் என்று போற்றப்படும் ஒரு மரத்தை இன்றும் அங்கே பாதுகாத்து வருகிறார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் காடுகள் தோட்டங்களாயின. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த நம் மக்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்தார்கள். பால் கட்டியாகி, தகடாகி, புகைக்கூடத்தில் உலர்ந்து, கப்பலேறி, உலகத்தின் டயர்களாகவும் பிரேக் கிண்ணங்களாகவும் ஆனது. மோட்டார் காரில் ஏறியே இராத கைகள்தாம் மோட்டார் கார் நிற்பதற்கான பொருளைக் கொடுத்தன.

விளக்கெண்ணெயும் சாராயமும்

இயற்கை ரப்பருக்கு ஒரு குணம் உண்டு. பெட்ரோல், மண்ணெண்ணெய், எஞ்சின் எண்ணெய் போன்ற நில எண்ணெய்கள் அதற்கு ஆகாது. அவற்றில் போட்டால் உப்பிப்போகும், குழைந்துபோகும். இதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விஞ்ஞானி வந்து சொல்ல வேண்டியதில்லை. பச்சை ரப்பரைப் பெட்ரோலில் ஊறப்போட்டுக் கரைத்து, சைக்கிள் டியூப் ஒட்டும் பசை செய்தவர்கள் நம்மிடையே உண்டு.

ஆகவே பிரேக்குக்கு வேறு எண்ணெய் தேட வேண்டியிருந்தது. அவர்கள் கண்டுபிடித்தது எது தெரியுமா? ஆமணக்கு எண்ணெய். நம் பாட்டி மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே விளக்கெண்ணெய்தான்! அதனோடு சாராய வகையைச் சேர்ந்த ஆல்கஹாலைக் கலந்து தொடக்க கால பிரேக் எண்ணெய்களைச் செய்தார்கள். அது ரப்பரைக் கெடுக்காது. இன்றும் எண்ணெய்க் கடைகளில் காணும் காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909-இல் பிறந்ததுதான்.

இங்கே ஒரு பாடத்தை மனத்தில் வையுங்கள். பிரேக்கில் ரப்பரும் எண்ணெயும் கணவன் மனைவி மாதிரி. பொருத்தம் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

போர் மாற்றிய பொருத்தம்

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போ அவர்கள் கைக்குப் போனது. புத்தாண்டு பிறந்தபோது கம்பாரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. தோட்டங்கள் முடங்கின. மரம் சீவிய நம் மக்களில் பல்லாயிரம் பேரைச் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை.

அதே வேளையில் உலகத்தின் மறுபக்கம் வேறொன்று நடந்தது. மலாயாவும் அதன் அண்டை நாடுகளும் பறிபோனதால் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 விழுக்காடு நின்றுபோனது. டாங்கிக்கும் லாரிக்கும் ரப்பர் இல்லாமல் போர் செய்ய முடியுமா? அமெரிக்க அரசு செயற்கை ரப்பர் ஆலைகளை எழுப்பியது. போருக்கு முன் சில ஆயிரம் டன்னாக இருந்த உற்பத்தி, 1945-இல் 8 லட்சம் டன் அளவுக்கு உயர்ந்தது. எஸ்.பி.ஆர். எனப்படும் அந்தச் செயற்கை ரப்பர் பிறகு பிரேக் கிண்ணங்களுக்கும் வந்தது.

போருக்குப் பின் உலகம் இரண்டு வழியாகப் பிரிந்தது. அமெரிக்கா செயற்கை ரப்பருக்கு ஏற்ற எண்ணெயைச் செய்தது. பிரிட்டனின் பல வண்டிகளில் இயற்கை ரப்பரே நெடுங்காலம் தொடர்ந்தது. அதற்கேற்ற எண்ணெயை அவர்கள் தனியே விற்றார்கள். அந்நாளைய பிரிட்டிஷ் கார்க் கையேடுகளைப் புரட்டினால், இன்ன பெயருள்ள எண்ணெயைத் தவிர வேறு ஊற்றாதே என்று குறிப்பிட்டிருப்பதைக் காணலாம். வியாபாரத் தந்திரம் என்று நாம் அலட்சியம் செய்தோம். அதில் உண்மையும் இருந்தது.

1960-களில் இ.பி.டி.எம். என்ற மற்றொரு செயற்கை ரப்பர் வந்தது. இன்று செய்யப்படும் கப்களில் பெரும்பாலானவை அதுதான். பிரேக் எண்ணெயை நன்றாகத் தாங்கும். ஆனால் நில எண்ணெய் இதற்கும் பரம எதிரி.

நம் மக்களின் கதையும் இதே பாதையில்தான் போயிற்று. செயற்கை ரப்பர் போட்டிக்கு வந்தபின் இயற்கை ரப்பரின் விலை ஆட்டம் கண்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின. லயத்து வீடுகளை விட்டு வந்த பலர் ஈப்போவுக்கும் புந்தோங்குக்கும் குடிபெயர்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகளில் சிலர் பட்டறைகளில் ஸ்பேனர் பிடித்தார்கள். தந்தை சீவிய ரப்பரை மகன் பம்புக்குள் மாட்டினான்! தமிழ்நாட்டிலும் 1962-இல் டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் கூட்டாகச் சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. மரத்தின் அடியிலும் தமிழன், பம்பின் பக்கத்திலும் தமிழன்.

தைப்பிங் மழை பம்புக்குள் பெய்யும்

இன்று நாம் ஊற்றும் டாட் 3, டாட் 4 எண்ணெய்கள் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை. இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தீபகற்ப மலேசியாவில் அதிக மழை பெய்யும் ஊர் நம் தைப்பிங். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். இப்படிப்பட்ட மாநிலத்தில் எண்ணெய்க்குள் ஈரம் சேர எவ்வளவு நாளாகும்?

ஈரம் இரண்டு கெடுதல் செய்கிறது. முதலாவது, கொதிநிலையைக் குறைக்கிறது. டாட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 140 பாகைதான். டாட் 4-க்கு 230 பாகை, 155 பாகை. கேமரன் மலை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கும். சக்கரத்துக்கு அழுத்தம் போகாது. மேக்ஸ்வெல் ஹில் என்று நாம் அறிந்த புக்கிட் லாருட்டில் பல பத்தாண்டுகள் லேண்ட் ரோவர்களை மட்டுமே ஏற்றி இறக்கினார்கள். அந்த ஓட்டுநர்களைப் போல் கீழ் கியரில் இறங்குவதுதான் மலைப்பாதையின் முதல் விதி.

இரண்டாவது கெடுதல் துரு. ஈரமான எண்ணெய் பம்பின் உட்சுவரை அரித்துச் சிறு சிறு குழிகளை உண்டாக்கும். எத்தனை புதிய கப் போட்டாலும் அந்தக் குழி அதன் விளிம்பைக் கிழித்துவிடும். வாரத்தில் ஆறு நாள் கொட்டகையில் நிற்கும் பழைய கார்களுக்குத்தான் இந்த நோய் அதிகம்.

எங்கே ஒழுகுகிறது? எதனால்?

இப்போது நடைமுறைக்கு வருவோம். மாட்டிய புதுப் பம்ப் ஒழுகினால் உடனே கழற்றாதீர்கள். முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். பம்பைத் துடைத்து உலர்த்தி, கீழே பழைய பத்திரிகையை விரித்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

குழாய் சேரும் இடத்தில் ஈரம் என்றால் பம்பின் மேல் குற்றமில்லை. செம்பு வாசர் பழையதாக இருக்கும், அல்லது குழாய் முனையின் வடிவம் பம்புக்குப் பொருந்தாமல் இருக்கும். பெடல் கம்பி நுழையும் பக்கத்து ரப்பர் உறையில் ஈரம் என்றால் பின் கப் போய்விட்டது. எங்குமே ஈரமில்லை, ஆனால் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மெல்ல இறங்குகிறது என்றால், முன் கப்பைத் தாண்டி எண்ணெய் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது. அதனால் இதுவே மிக ஆபத்தானது.

அடுத்து, காரணத்தைத் தேடுங்கள். நான்கு காரணங்களை முக்கியமாகச் சொல்வேன்.

ஒன்று, வயது. 'ஒரிஜினல், பிரிக்காத பெட்டி' என்று ஆசையாக வாங்குகிறோம். பெட்டிக்குள் இருப்பது நாற்பது வயது ரப்பர். பயன்படுத்தாமல் இருந்தாலும் ரப்பர் முதுமை அடையும், இறுகும். அப்படிப்பட்ட பம்பைப் பிரித்து, புதிய கப் போட்டபிறகே மாட்ட வேண்டும்.

இரண்டு, அளவு. பழைய பிரிட்டிஷ் பம்ப் அங்குலக் கணக்கு. 7/8 அங்குலம் என்பது 22.2 மில்லிமீட்டர். இன்று பல நாடுகளில் செய்யப்படும் கப் மில்லிமீட்டர் கணக்கு. 22 மில்லிமீட்டர் கப் அதில் நுழையும். ஆனால் இறுக்கமாக உட்காராது. கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசம் எண்ணெய்க்குத் தெரியும்.

மூன்று, மாட்டும் முறை. உலர்ந்த கப்பை உள்ளே திணித்தால் விளிம்பு மடிந்துவிடும். புதிய பிரேக் எண்ணெயில் நனைத்தே செருக வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவுவதோ, சாதாரணக் கிரீஸ் தடவுவதோ கூடவே கூடாது. பெடல் கம்பிக்கும் பிஸ்டனுக்கும் சிறு இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை அடைபடும். பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும். பழைய பம்பில் காற்று எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள். வழக்கமாகக் கப் போகாத துருப்பிடித்த பகுதிக்கு அது போய்க் கிழிபடும். பெடலுக்குக் கீழே ஒரு கட்டை வைத்தால் போதும்.

நான்கு, எண்ணெய். டாட் 5 என்பது சிலிக்கோன், டாட் 5.1 என்பது கிளைக்கால். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் கலவாது. வண்டியில் இருக்கும் பழைய எண்ணெய் எதுவென்று தெரியாவிட்டால் ஒரு சிறு சோதனை உண்டு. கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் ஊற்றி, அதில் அந்த எண்ணெயைக் கொஞ்சம் விட்டுக் குலுக்குங்கள். கிளைக்கால் எண்ணெய் தண்ணீரோடு கலந்துவிடும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் நில எண்ணெயோ சிலிக்கோனோ கலந்திருக்கிறது என்று பொருள். அப்போது பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. குழாய்களைக் கழுவி, சக்கர பம்ப் கப்கள், ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும்.

குற்றவாளி யார்?

இனி, கேமரன் மலைக் கதைக்குத் திரும்புகிறேன். வண்டியை இழுத்துவந்து பம்பைக் கழற்றினோம். மோரிஸ் மைனரில் அது சுலபமன்று. பம்ப் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். எண்ணெய் ஊற்றும் மூடியே விரிப்புக்கு அடியில்தான் இருக்கும். கழற்றிப் பார்த்தால், கப் இரண்டும் ஊறவைத்த கொண்டைக்கடலைபோல் உப்பியிருந்தன. முதிய மெக்கானிக் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுக்குள்ளே வேற ஏதாவது எண்ணெய் ஊத்துனீங்களா ஐயா?"

எனக்கு நினைவு வந்தது. ஓராண்டுக்கு முன் ஒரு தோட்டத்துப் பக்கம் போயிருந்தபோது எண்ணெய் குறைந்திருந்தது. பிரேக் எண்ணெய் கிடைக்கவில்லை. கையில் இருந்த எஞ்சின் எண்ணெயில் கொஞ்சம் ஊற்றினேன். "எண்ணெய்தானே, எல்லாம் ஒன்றுதான்" என்று நினைத்தேன். அதுதான் முதல் பம்பைக் கெடுத்தது. புதுப் பம்ப் மாட்டியபோது குழாய்களில் இருந்த எண்ணெயை நான் மாற்றச் சொல்லவில்லை. அதே நஞ்சு புதியதையும் கொன்றது. மலையேறுவதற்கு ஒரு வாரம் முன்பே வண்டி பிரேக் பிடித்ததுபோல் கனமாக ஓடியது. உப்பிய கப் துளையை அடைத்ததன் அறிகுறி அது. அதையும் நான் பொருட்படுத்தவில்லை. மூன்று மாதமாகக் கடைக்காரரைத் திட்டுவதற்குப் பதிலாக, நான் என்னையே திட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மோரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ப் பாதைதான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். இரண்டு பாதையாகப் பிரிப்பதை அமெரிக்கா 1968-இல்தான் கார்களுக்குக் கட்டாயமாக்கியது. எனவே பழைய கார் ஓட்டுபவருக்கு இரண்டாவது வாய்ப்பு என்று ஒன்று இல்லை. கம்பியால் இழுபடும் கை பிரேக் மட்டுமே துணை; அதையும் சரியாக வைத்திருங்கள்.

அன்பர்களே, பழைய கார் ஒன்றை வைத்திருப்பது அழகுக்காக மட்டுமன்று. அதற்குள் நம் மக்களின் உழைப்பும் இருக்கிறது. புதிய உபரிப்பாகத்தை வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். இது எந்த ரப்பர், எந்த எண்ணெய்க்கு ஏற்றது, எந்த அளவு, எத்தனை வயது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறையோ, அதிகம் போனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ எண்ணெயை முழுதாக மாற்றுங்கள்.

என் மோரிஸ் மைனரில் எல்லா கப்பும் எல்லா ஹோஸும் மாற்றினேன். அந்த உப்பிப்போன பழைய கப் ஒன்றை மட்டும் வீசவில்லை. காரின் சாவிக் கொத்து வைக்கும் தட்டில் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் அது என் கண்ணில் படும். பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்த பிறகே வண்டியை எடுக்கிறேன்.